கடைமடைக்கு மேலே

கோடியக்கரையைத் தாண்டினோம். விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது,
உப்பளங்கள் மட்டும் அதற்குள் வெளுத்திருந்தன.
மணி அடித்தது.
ஒரு தடவை அடித்து ஓய்கிற மணி இல்லை,
யாராவது கை நீட்டி வாயைப் பொத்தும்வரை
அடித்துக்கொண்டே இருக்கிற மணி.

பின்பக்கச் சரக்கறை. புகை.
திரையில் சிவப்பாக அவ்வளவுதான்.

இருதயராஜ் சார் என் பக்கம் திரும்பவில்லை.
"நான் ஓட்டுறேன். நீ படி."
படித்தேன்.
காற்று வால்வு: மூடியிருக்கிறது.
வாயுப் பொத்தான், பின் அறை: "உறுதியா?" "உறுதி."
மூடியைத் தூக்கி அழுத்தினேன்.
ஒரே ஒரு சிலிண்டர். அதற்கு மேல் கேட்டால் இல்லை.

விளக்கு அணையவில்லை.
அணையாமலும் போகலாம் என்று புத்தகமே சொல்கிறது:
நெருப்பு செத்தாலும் புகைக்குப் போக்கிடம் கிடையாது,
கருவிக்கு இரண்டும் ஒன்று.
எரிகிறதா என்பது
இறங்கிக் கதவைத் திறந்தால்தான் தெரியும்.

திருச்சியைக் கூப்பிட்டு மேடே என்றேன், மூன்று முறை.
தூக்கம் ஒரே நொடியில் கலைந்த குரல் ஒன்று
நேராக வாருங்கள், ஓடுபாதை இருபத்தேழு உங்களுக்கு என்றது.
மொத்தம் எத்தனை உயிர் என்று கேட்டது.
நூற்றெழுபத்தெட்டு என்றேன்.

அந்தக் கணக்கில் வேதரத்தினம் இல்லை.
கோடாலித் தைலம், போர்வை, பால் பவுடருக்கு நடுவே
அவர் சிங்கப்பூரில் நான் கையெழுத்திட்ட சீட்டில் இருந்தார்:
மனித உடல், ஒன்று.
வயது நாற்பத்தொன்று. கப்பல் பட்டறை. ஊர் தலைஞாயிறு.
தலைஞாயிறு அப்போது
என் வலது சிறகுக்குக் கீழே, இருட்டில், எங்கோ.

பின்வரிசைத் தரையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.
ஜெரினா பேசினாள்: "சுடலை. ஒரு குழந்தை அழுவுது. வேற ஒண்ணுமில்லை."
வேறு ஒன்றுமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு
இன்னும் பதினோரு நிமிடம்.
கீழே ஆறுகள் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொண்டு வந்தன.
கடலுக்குப் போகிற தண்ணீருக்குத்தான் அவை பிரியும்.
துவாக்குடிக்கு மேல் சக்கரம் இறக்கினோம்.
அதுவரை இருதயராஜ் சார் ஒரு வார்த்தை
கூடுதலாகப் பேசவில்லை. இறங்கி நின்றதும்
கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமல் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பயணி இறங்கும்வரை சரக்கறையைத் திறக்காதே,
இதுவும் புத்தகத்தில்தான்.
எல்லோரும் இறங்கினார்கள்,
பையை விட்டுவிட்டு வரச் சொன்னால் பையோடு.

தீயணைப்புக்காரர் வெப்பக் கேமராவை உள்ளே நீட்டினார்.
தீ இல்லை. தீ இருந்த தடமும் இல்லை.
புகைக்கருவிக்குள் ஈரமோ தூசியோ.
திரையில் எல்லாம் மங்கிய மஞ்சள்,
நடுவில் நீளமாக ஒரு நீலம்.
"இருக்கறதுலயே குளிர்ச்சி அதுதான் சார்" என்றார்.

சரக்கு வாசலில் தம்பிக்காரர் நின்றார்,
ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.
சேதி அவர் காதுக்கு முன்பே போய்விட்டது.
"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே?"
ஆகலை என்றேன்.
சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.
அவர் தரையைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

விறகு அடுக்கியாச்சு, வெயில் சாய்வதற்குள் போகணும் என்றார்.
பதினாறு நிமிடத்தில் நாங்கள் கொண்டுவந்தது
திரும்பிப் போக நான்கு மணி நேரம்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
ஆத்துல தண்ணி வந்துடுச்சா என்று கேட்டுவைத்தேன்.
மேட்டூரில் திறந்தது நேற்றுதான் மன்னார்குடியைத் தாண்டியதாம்,
எங்க பக்கம் இன்னும் வரலை.

வண்டி கிளம்பியது.
தண்ணீரும் அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.
எது முதலில் ஊர் சேர்ந்ததென்று
நான் விசாரிக்கவில்லை.